ஸ்பிரிங் ஏர்கன்: எடை போட்டதில் வராத பலன், தலை அளவில் வந்தது

பிஸ்டன் வாஷர் (காற்றைக் கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றி ஏர்கன் கைக்கு வந்த வாரத்திலேயே பர்கூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ரிவால்வர் லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா, இல்ல உங்கள மாதிரி ஏர்கன் வாங்கிக்கலாமா?" குறி பார்த்துச் சுடப் பழகத்தான் ஆசை என்றால் ஏர்கன் போதும் என்றேன். கூடவே, என்னிடம் இருக்கும் மாடலை மட்டும் வாங்கித் தொலைக்காதே என்றும் சொன்னேன்.

என்னுடையது நம்ம நாட்டுத் தயாரிப்பு, .177 (4.5 மி.மீ. குழல்), குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. குண்டு வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்குள் வருவதால் லைசென்ஸ் வேண்டாம்.

ரிவால்வர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கிரானைட் தொழிலில் இருக்கும் மாமா ஒருவரிடம் .32 ரிவால்வர் உண்டு. லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அதனால் அவர் அதைத் துடைத்து வைத்த நேரம்தான் அதிகம், சுட்ட நேரம் குறைவு. அமெரிக்காவில் காலித் தோட்டாவில் வீட்டிலேயே மருந்தும் குண்டும் வைத்துத் திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் அவர்கள் அனுபவத்தில் நமக்கு உதவும் சங்கதி ஒன்று இருக்கிறது. ரிவால்வரில் குண்டு முதலில் தோட்டா வைக்கும் உருளையின் அறை வாயைத் தாண்டி, அப்புறம்தான் குழலுக்குள் நுழைகிறது. அறை வாய் குழலைவிடச் சிறுத்திருந்தால் ஈயக் குண்டு குழலைச் சரியாகக் கவ்வாது. உள்ளே ஈயம் படியும், குறி சிதறும். ஆறு அறைக்கும் வாய் அளவு கொஞ்சம் மாறினாலும் அதே கதைதான். மருந்தை எவ்வளவு துல்லியமாக நிறுத்துப் போட்டாலும் இந்தக் கோளாறு தீராது.

எடையைவிட, குழலுக்குப் பொருந்தும் அளவுதான் முக்கியம் என்ற இதே விஷயம்தான் என் பெல்லட்டிலும் (ஏர்கனில் போடும் சின்ன ஈயக் குண்டு). கிருஷ்ணகிரியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பனின் மில்லிகிராம் தராசில் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, பிரித்துப் பிரித்து டப்பாவில் அடைத்தேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மலிவு டப்பாவில் எடை கன்னாபின்னாவென்று மாறுகிறது, உண்மைதான். ஆனால் 10 மீட்டரில் ஒரே எடை பெல்லட்டுகளை மட்டும் சுட்டாலும் அட்டையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மாற்றம் வந்தது தலை அளவை (பெல்லட்டின் முன்பக்க விட்டம், மி.மீ.இல்) பார்த்து வாங்கியபோதுதான். ஜெர்மன் கம்பெனி எச் அண்ட் என்னின் மேட்ச் பெல்லட் டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று சின்ன ஸ்டிக்கர் இருக்கும். என் குழலில் 4.49 தானாக விழுகிறது. 4.51 கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால்தான் உட்காரும். அதில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. இந்தத் துப்பாக்கியா இது என்று இருந்தது! (தட்டைத் தலை பெல்லட்டே போதும். பின்விளிம்பு நசுங்கியதை மட்டும் பொறுக்கி எறியுங்கள். தராசை நண்பனிடமே கொடுத்துவிட்டேன்.)

இனி வயிற்றெரிச்சல். மரக்கட்டையைத் துப்பாக்கியோடு பிணைக்கும் முன்பக்கத் திருகுகள்தான் காரணம். ஸ்பிரிங் ஏர்கனில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் முன்னே உதறும். சாதாரண ஸ்கோப்பையே (குறி பார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி) உடைத்துவிடும் உதறல் அது, திருகு எம்மாத்திரம்? தளர்வது இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருகுத் தலையை நேராக மரத்தின்மேல் உட்கார வைத்தவரை என்ன சொல்வது? சித்திரை வெயிலில் மரம் சுருங்குகிறது, திருகு ஆடுகிறது, குறி கீழே இறங்குகிறது, நாம் நம் கையைச் சந்தேகப்படுகிறோம். கம்பெனிக்குப் போன் போட்டால் "டைட் பண்ணிக்கோங்க சார்" என்கிறார்கள். ஊர் லேத் பட்டறையில் இரும்பு புஷ் (சின்ன வளையம்) கடைந்து திருகுத் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் போட்டு, நீல லாக்டைட்டும் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) தடவிய பிறகு பாதித் தொல்லை குறைந்தது. பாதிதான். ஒரு புஷ் கூடவே வைத்து அனுப்பினால் கம்பெனி என்ன முழுகியா போய்விடும்?

வாஷர் மாற்றிய மெக்கானிக் வேறு தாராளமாக எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அழுத்தச் சூட்டில் எண்ணெய் பற்றி, ஒவ்வொரு சுடலுக்கும் பட்டாசுச் சத்தம், புகை. அது எரிந்து தீரும்வரை ஒரு குண்டும் சொன்ன இடத்துக்குப் போகவில்லை.

பிடிக்கும் முறையும் முக்கியம். இறுக்கிப் பிடித்தால் உதறல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். முன்கட்டை உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், எப்போதும் ஒரே இடத்தில். பின்னால் கிரானைட் பலகை வைத்துச் சுடாதீர்கள், ஈயம் திரும்பி நம் மேலேயே வரும். நான் கழிவுத் துணி மூட்டை வைத்திருக்கிறேன். அப்புறம், மாங்காய் சீசனில் தோப்புக்காரர்கள் கிளி விரட்டக் கூப்பிடுவார்கள். செந்தூராவைக் கொத்துவது கிளியாகவே இருந்தாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டப்போவது நாம்தான். தகரம் தட்டச் சொல்லுங்கள்.

தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பட்ஜெட் இருந்தால், ஸ்பிரிங்குக்குப் பதில் முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும் பிசிபி ஏர்கன் எடுங்கள். இந்த உதறல் கிடையாது, திருகோடு மல்லுக்கட்ட வேண்டாம். என்னுடையதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அந்த இரண்டும் குழலுக்கு மட்டும். அப்படியானால் பழைய விலைக்குத் தனக்கே கொடுத்துவிடு என்கிறான் அவன். கொடுக்கிற எண்ணம் இல்லை. 4.51 டப்பா இன்னும் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன்.