வேர்வைக்கு ஊசியா, கரண்ட் தண்ணியா?

வடசென்னையில் வேர்க்காத ஆள் யார்? கத்திரி வெயிலில் எம்.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது ஊர் வேர்வை, அதற்கு வைத்தியம் கிடையாது. நான் சொல்வது மார்கழிக் காலையிலும் பரீட்சைத் தாளை நனைக்கிற கை, ஏ.சி. கடையில் புடவை விரித்துக் காட்டும்போதும் அக்குளில் வட்டமாக ஊறுகிற ஈரம். பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கிவிடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தூங்கினால் நின்றுவிடும். ராத்திரித் தூக்கத்திலும் உடம்பு நனைகிறது, எடையும் குறைகிறது என்றால் ஊசிப் பேச்சை விட்டுவிட்டு முதலில் டிபி, தைராய்டு, சர்க்கரை பாருங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்குளுக்கு போடாக்ஸ் ஊசி, உள்ளங்கைக்கு முதலில் கரண்ட் தண்ணி, அதாவது தண்ணீரில் கையை வைத்து லேசாகக் கரண்ட் பாய்ச்சுகிற வைத்தியம்.

அக்குளில் ஊசிக்குப் போட்டி 20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன். விலை குறைவு. ராத்திரி நன்றாகக் காய்ந்த தோலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். குளித்த ஈரத்தோடு பூசினால் எரியும்; அந்த எரிச்சலுக்கே பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. முறையாகப் பூசியும் கேட்கவில்லை என்றால்தான் போடாக்ஸ். அமெரிக்காவில் 2004-லேயே கடுமையான அக்குள் வேர்வைக்கு இதை அனுமதித்துவிட்டார்கள். நரம்பு முனையிலிருந்து வேர்வைச் சுரப்பிக்கு உத்தரவு கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை இந்த மருந்து தடுத்துவிடும். சுரப்பிக்கு ஒன்றும் ஆகாது, அந்த உத்தரவுதான் வராது. நரம்பு தேறியதும் வேர்வையும் திரும்பிவிடும்.

ஒரு பக்கத்துக்கு 50 யூனிட். பத்துப் பதினைந்து இடங்களில் மேல்தோலை ஒட்டிக் குத்துவார்கள். வீட்டுக்கு வரும்போது கொசு கடித்த மாதிரி தடிப்புகள் இருக்கும், சில மணி நேரத்தில் அமுங்கிவிடும். அங்கங்கே ரத்தப் புள்ளி, லேசான நீலம், கொஞ்சம் வலி, இவ்வளவுதான். அன்றைக்குத் தேய்க்காதீர்கள், ஜிம்மும் டியோடரண்டும் ஒரு நாள் பொறுக்கட்டும். மறுநாளே வெளிர்நீலச் சட்டை போட்டுப் பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். வேர்வை குறையத் தொடங்க இரண்டிலிருந்து நாலு நாள், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். அதற்கப்புறமும் ஒரு மூலையில் மட்டும் ஈரம் இருந்தால் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். எங்கே வேர்க்கிறதோ அங்கே மட்டும் கருநீலமாகப் புள்ளி பூக்கும். விட்டுப்போன இடம் அதுதான்.

பலன் பொதுவாக நாலிலிருந்து ஏழு மாதம் நிற்கும், சிலருக்கு அதற்கும் மேல். மாசி கடைசியில் போட்டுக்கொண்டால் கோடையைத் தாண்டிவிடலாம். அக்குளை அடைத்தால் உடம்பு சூடேறிவிடாதா என்று கேட்பார்கள். உடம்பு முழுக்க இருக்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சுரப்பிகளில் அக்குளுக்கு உரியது சின்னப் பங்குதான், பயப்பட வேண்டாம்.

உள்ளங்கை அப்படி இல்லை. குத்தும் வலி அதிகம். ஐஸ் வைத்தோ மணிக்கட்டில் மரக்க வைத்தோதான் போடுகிறார்கள். மருந்தும் பெரும்பாலும் கூடுதலாகப் பிடிக்கும், பலனோ அக்குளைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சில வாரங்களுக்குக் கட்டைவிரல் பிடி தளரலாம் என்பது. பட்டன் போடும்போதும் சாவி திருப்பும்போதும் தெரியும். தண்டையார்பேட்டையில் கேரம் ஆடும் தம்பி ஒருவன். அவன் உள்ளங்கை பட்ட இடத்தில் போர்டு பவுடர் பசையாகத் திரளும். ஊசியைப் பற்றிச் சொன்னதும் அவன் கேட்ட ஒரே கேள்வி, “டோர்னமென்ட் நேரத்துல விரலு சொன்ன பேச்சு கேக்கலன்னா இன்னாண்ணா பண்றது?” ஆட்டோ ஓட்டுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும், கிளட்ச் முழுக்க இடது கைப்பிடியில் இருக்கிறது. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களுக்கோ கேட்கவே வேண்டாம்.

இவர்களுக்குத்தான் கரண்ட் தண்ணி. இரண்டு தட்டில் தண்ணீர், அதில் கை, 15–20 மில்லியாம்பியர் கரண்ட், இருபது முப்பது நிமிடம். குறுகுறுக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெட்டுக்காயத்தில் வாசலைன் தடவிக்கொள்ள வேண்டும். கேன் தண்ணீரை ஊற்றாதீர்கள்: உப்பு போன ஆர்.ஓ. தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, குழாய்த் தண்ணீரே போதும். குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். வாரம் மூன்று தடவை என்று சில வாரம், பிறகு வாரத்துக்கு ஒன்றாவது. தினக்கூலிக்காரர் அத்தனை நாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாது. மெஷினை வீட்டில் வைத்துக்கொள்ள வழியிருந்தால்தான் இது நடக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது.

வேர்வையைக் குறைக்கத் தரும் கிளைகோபைரோலேட் மாத்திரை உடம்பு முழுவதையும் உலர்த்தும், வாயையும் சேர்த்து. மே மாதம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் இதைப் போட்டால் வெப்பத் தாக்கு வர வழியுண்டு. நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் ஆபரேஷனில் கை உடனே காய்ந்துவிடும். ஆனால் அந்த வேர்வை முதுகுக்கும் தொடைக்கும் மாறிப் பலரைப் படுத்துகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஊசிக்கே போவதென்றால் கர்ப்பமோ, மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோயோ இருப்பதை மறைக்காதீர்கள். போட்ட பிறகு, சில வாரம் கழித்துக்கூட, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், இமை தொங்கினால், உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். பில்லில் மருந்தின் பெயரும் யூனிட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் 100 யூனிட்டும் இன்னொன்றின் 100 யூனிட்டும் ஒன்றல்ல. யூனிட் கணக்கை மட்டும் பார்த்து ‘அங்கே மலிவு’ என்று போய்விட வேண்டாம்.