மெட்டா பகுப்பாய்வா, ஒரே பெரிய சோதனையா?

ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே நடந்த சோதனைகளின் முடிவுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடலாம். அதுதான் மெட்டா பகுப்பாய்வு. இல்லையென்றால் பல்லாயிரம் நோயாளிகளை வைத்து ஒரே பெரிய சோதனை நடத்தலாம். எந்த வகை ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்று அடுக்கி மருத்துவ மாணவர்களுக்குக் காட்டும் சான்றுப் பிரமிடில் பெரும்பாலும் முதலாவதுதான் உச்சியில் இருக்கும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

காரணம், மக்னீசியம் கதை. மாரடைப்பு வந்தவர்களுக்கு மக்னீசியம் ஏற்றினால் இறப்பு வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்றது 1991இல் வந்த ஒரு மெட்டா பகுப்பாய்வு. அதில் இருந்தவை ஏழு சிறு சோதனைகள். எல்லாம் சேர்ந்தே சுமார் 1,300 பேர்தான். 1995இல் ஐசிஸ்-4 என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது: 58,050 நோயாளிகள், பலன் ஏதுமில்லை. மருந்தைத் தாமதமாகக் கொடுத்ததுதான் கோளாறு என்று சிலர் வாதாடினார்கள். சரி என்று சீக்கிரமே கொடுத்துப் பார்த்த மேஜிக் சோதனையும் 2002இல் கையை விரித்தது. பலன் தெரியாத சிறு சோதனைகள் அச்சேறாமலே போயிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அச்சேறாததை எந்தக் கூட்டல் கணக்கும் சேர்க்க முடியாது.

ஆனால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் விஷயத்தில் கதை தலைகீழ். மாரடைப்புக்குக் கொடுக்கும், ரத்தக் கட்டியைக் கரைக்கும் இந்த மருந்தை வைத்து 1959 முதல் 1988 வரை நடந்த 33 சோதனைகளை, ஒரு குழு ஆண்டு வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தது. உயிர் காக்கிறது என்பது 1973இலேயே, எட்டே சோதனைகளில், தெரிந்திருக்கும்! கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 1986இல் கிஸ்ஸி, 1988இல் ஐசிஸ்-2 என்ற பெரிய சோதனைகள் வரும்வரை மருத்துவ உலகம் தயங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ நோயாளிகள் சோதனையின் பெயரால் மருந்து கிடைக்காத பக்கத்தில் விழுந்தார்கள்.

செலவும் நேரமும் மெட்டா பகுப்பாய்வுக்கே சாதகம். அதைச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வெளியான சராசரிகளைக் கூட்டாமல், ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் கேட்டு வாங்கிச் சேர்ப்பது. மார்பகப் புற்றுநோய்ச் சோதனைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட கூட்டுக்குழு 1980களிலிருந்து இதைச் செய்கிறது. டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து பற்றிய தெளிவு அதில் கிடைத்ததுதான். வேலை ஆமை வேகம், ஆனால் என் ஓட்டு இதற்கே. அது இல்லாதபோது, சிறு சோதனைகளின் கூட்டலும் ஒழுங்காக நடந்த ஒரு பெரிய சோதனையும் முரண்பட்டால், நான் பெரியதைத்தான் முதலில் நம்புவேன்.