"எல்லாக் கடனையும் ஒண்டாக்கித் தாறம்" என்று வருகிறவர்களிடம் கையெழுத்து வைக்கமுன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். எங்கள் கடனுக்குப் பிணை நின்ற என் கணவரின் தம்பிதான், "எழுதுங்கோ அண்ணி, ஆரேன் ஒரு குடும்பம் தப்பினாலும் காணும்" என்றான். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் கந்தோர் வைத்து நடத்துகிற, அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனம்தான். இதே கணக்கை வேறு ஆட்களும் போடுகிறார்கள். பெயரைத் தெரிந்து ஒதுங்குவதைவிடக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் மருந்துக்கடையில் வேலை. இவர் ஓட்டோ ஓடுகிறார். 2022 இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோ வாசலில் நின்ற மாதங்களில் தொடங்கியது எங்கள் கடன். பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்த பிறகும் கிழமைக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அதை வைத்து என்ன உழைக்கிறது? முதலில் சங்கிலியும் காப்பும் வங்கிக்கு அடகு போயின. அடுத்த வருடம் சின்னவளின் சாமத்திய வீடு. செய்யாமல் விட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது லேசு. அன்று மண்டபமும் வீடியோவும் வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மகளிர் குழுவில் கிழமைக் கடன் எடுத்தேன்.

2024 மாசியில் நிலைமை இதுதான். அடகில் 165,000. பெரியம்மாவிடம் கைமாத்து 60,000. கிழமைக் கடன் மீதி 70,000. பிறிட்ஜ் தவணை மீதி 38,000. சந்திக் கடைக் கொப்பியில் 22,000. எல்லாம் 355,000 ரூபா.

அந்த நேரத்தில்தான் அந்த நிறுவனத்தின் ஆளாக ஒரு தம்பி வந்தார். நல்ல பெடியன், மரியாதையான கதை. விறாந்தையில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "அக்கா, ஏன் அஞ்சு இடத்தில கட்டி மண்டை காயுறீங்கள்? எல்லாத்தையும் ஒண்டாக்கி எங்களிட்டக் கட்டுங்கோ. வருசத்துக்கு 18 வீதம்தான். மாசம் 17,111. மூண்டு வருசத்தில நிம்மதி" என்றார். அப்போது எங்களுக்குக் கிழமைக் கடனுக்கு மாதம் 11,600, பிறிட்ஜுக்கு 6,300, அடகு வட்டி 2,200 அளவில், 20,100 போய்க்கொண்டிருந்தது. 17,111 என்றதும் மூவாயிரம் மிச்சம் என்றுதான் எனக்குத் தெரிந்தது. அடகு வட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே, 18 வீதம் பெரிசில்லை என்றும் நினைத்தேன்.

இங்கே நான் பார்க்காமல் விட்டதைச் சொல்கிறேன். பிறிட்ஜ் காசு இன்னும் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். கிழமைக் கடன் ஏழு மாதத்தில் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அடகும் பெரியம்மாவின் காசும் கடைக் கணக்கும்தான். பெரியம்மா ஒரு சதம் வட்டி கேட்டதில்லை. வட்டியில்லாத கடனையும், ஏழு மாதத்தில் முடியவிருந்த கடனையும் 36 மாத வட்டிக் கடனாக மாற்றினேன். அந்தத் தம்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. என் கடன்கள் எல்லாவற்றையும் அவரே ஒரு தாளில் எழுதிக் கூட்டினவர்.

கையெழுத்து வைத்த அன்று பத்துப் பதினைந்து தாள். எல்லாம் இங்கிலிஷ். "இதில ஒண்டு, இதில ஒண்டு" என்று விரலால் காட்டக் காட்ட நானும் இவரும் பிணைக்காரர் இரண்டு பேரும் வைத்தோம். சில இடங்களில் தொகை எழுதும் கட்டம் வெறுமையாக இருந்ததை இவர் கண்டு கேட்டார். "அது ஒபிஸில நிரப்புவினம் அண்ணை" என்றார். ஒரு வெற்றுச் செக்கிலும் கையெழுத்து வேண்டினார். எங்களுக்கு ஒரு பிரதிகூடத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

400,000 என்று எழுதிய கடனுக்குக் கையில் வந்தது 374,500. ஆவணக் கட்டணம் என்று 14,000, காப்புறுதி என்று 11,500 கழித்திருந்தார்கள். வட்டி மட்டும் 400,000க்கும் ஓடியது.

அன்றைக்கே ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். இனிக் கடன் படுவதில்லை என்று நானும் இவரும் பேசி வைத்தோம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், அன்றன்று இரவு படுக்கமுன் எழுதுவது. முதல் மாதம் ஒன்றையும் குறைக்காமல் எழுத மட்டும் செய்தோம். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் வாங்குகிற பணிஸும் ரோல்ஸும் மாதம் ஐயாயிரத்துக்கு மேல். பிறகு அது சனிக்கிழமை மட்டும் ஆனது. சந்திக் கடையில் எழுதி எடுப்பதை நிறுத்தி, காசைக் கையில் கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனோம். எழுதி எடுக்கும்போது நாங்கள் விலை கேட்பதில்லை. காசு எண்ணிக் கொடுக்கும்போதுதான் அரைக் கிலோ போதுமா ஒரு கிலோ வேணுமா என்று யோசிக்கிறோம். கலியாண வீடுகளுக்கு என்வலப்பில் 5,000 வைத்த இடத்தில் 2,000 வைத்தேன். முகம் கறுத்தவர்கள் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடைப்பக்கம் போகவில்லை. சின்னவளுக்குத் தேர் அன்று மட்டும் ஒரு ஐஸ்கிரீம். பெரியவள் ரியூசனுக்கு ஓட்டோவை விட்டுச் சைக்கிளில் போனாள், அதனால் இவருக்குக் காலை ஹயர் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. எல்லாமாக மாதம் எட்டாயிரம் வரை மிச்சம் பிடித்தோம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2025 மாசியில் பன்னிரண்டாவது தவணையும் கட்டிய பிறகு எனக்குச் சீட்டு விழுந்தது. சொந்தக்காரருக்குள் 25 பேர், 10,000 ரூபாச் சீட்டு, இருபதாவது மாதம். 250,000 கையில். மூன்றில் ஒரு பங்கு கட்டியாயிற்று, 267,000 அளவில்தான் நிற்கும், மிச்சத்தை எங்காவது புரட்டி முடித்துவிடலாம் என்று கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 339,158.

எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. முதல் மீதி 304,350. முன்கூட்டி முடிப்பதற்கு 5 வீதக் கட்டணம், 15,217. கட்டாத தவணை ஒன்று, 17,111. அதற்குத் தாமதக் கட்டணம் 2,480.

கட்டாத தவணையா? ஐப்பசி மாதத் தவணையை அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனவர். "ரசீது பிறகு தாறன் அக்கா, புத்தகம் முடிஞ்சுது" என்றார். நான் நம்பினேன். அந்தக் காசு கணக்கில் ஏறவேயில்லை. அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை என்றாள் அந்தப் பிள்ளை.

வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் இருந்தேன். பெரியவள் உயர்தரம் வர்த்தகப் பிரிவு. புட்டு அவிந்துகொண்டிருக்க, குசினி மேசையில் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, கல்குலேற்றரை வைத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, 18 வீதம் எண்டு சொன்னது எதுக்கு? நிக்கிற முதலுக்கோ, எடுத்த முதலுக்கோ?" எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் எழுதிக் காட்டினாள். 400,000க்கு 18 வீதம் வருடம் 72,000, மூன்று வருடத்துக்கு 216,000. எல்லாம் கூட்டி 616,000, அதை 36 ஆல் பிரித்தால் 17,111. பிளாற் ரேற் என்பது இதுதான். மாதம் முதல் 11,111, வட்டி 6,000, முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை.

"கடைசி மாசம் உங்களிட்ட நிக்கிற முதல் 11,111 ரூபாதான் அம்மா. அதுக்கும் 6,000 வட்டி."

அந்த வரிக்குக் கீழே அவள் இரண்டு கோடு இழுத்தாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். குறைந்து செல்லும் மீதிக்கு அதே 18 வீதம் போட்டிருந்தால் மாதத் தவணை 14,461தான் வரும். நான் கட்டிய வட்டியைக் குறைந்து செல்லும் மீதிக்கு மாற்றிப் பார்த்தால் வருடத்துக்கு 30 வீதத்துக்கு மேல். கழித்த 25,500ஐயும் சேர்த்தால் 35 வீதத்தைத் தாண்டுகிறது. இந்தக் கடன்காசை வைத்துத்தான் வங்கி அடகை மீட்டேன். வங்கிகள் அடகுக்கு 18 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் உச்சவரம்பு போட்டிருந்தது. அந்த 18 நிற்கிற முதலுக்குப் போடுகிற 18. இரண்டும் ஒரே 18 என்று நான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். கடன் தரும்போது எடுத்த முதலுக்கு வட்டி என்று கணக்குப் போட்டவர்கள், முடிக்கப் போனால் அந்தக் கணக்கில் மீதி சொல்லவில்லை. அந்தக் கணக்கில் என் முதல் 266,667க்கு இறங்கியிருக்க வேண்டும். அவர்கள் சொன்னது 304,350. முதல் வருடங்களில் கட்டுகிற காசில் வட்டியைக் கூடுதலாக எடுத்து முதலைக் குறைவாகக் கழிக்கிற மற்றக் கணக்கு அது. நான் கட்டிய 205,332 ரூபாவில் முதலுக்குப் போனது 95,650 மட்டும். எங்களிடம் சொல்லும்போது ஒரு கணக்கு, எங்களிடம் அறவிடும்போது வேறொரு கணக்கு.

17,111க்கும் 14,461க்கும் வித்தியாசம் 2,650. சின்னவளின் ஐஸ்கிரீமும், பெரியவள் வெயிலில் மிதித்த சைக்கிளும், நான் கூச்சப்பட்டு வைத்த 2,000 ரூபா என்வலப்பும் சேர்த்து நாங்கள் மாதம் மிச்சம் பிடித்த எட்டாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு "பிளாற்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் போனது. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் ஊதாரித்தனமாக இருந்து இழந்த காசு இல்லை இது. திருந்தி, எழுதி, எண்ணி வாழத் தொடங்கிய பிறகு இழந்த காசு.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் தேவைப்படலாம். முதலில் நிறுவனத்துக்கே தமிழில் எழுத்துமூலம் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கினேன். ஒப்பந்தப் பிரதியும் முழுக் கணக்குக் கூற்றும் கேட்டேன். ஐப்பசித் தவணைக்கு ரசீது இல்லாவிட்டாலும், அந்தத் தம்பி வட்ஸ்அப்பில் "அக்கா, காசு கட்டியாச்சு" என்று அனுப்பிய குரல்பதிவு என் போனில் இருந்தது. இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் முறைப்பாடுகளுக்கான 1935 இலக்கத்துக்கு எடுத்தேன். முதலில் நிறுவனத்துக்கு எழுதினீர்களா என்றுதான் கேட்டார்கள். முத்திரை குத்திய பிரதி அங்கேதான் உதவியது. அந்த விசயத்தை நிறுவனத்துக்கும் சொன்னேன். ஐந்தாம் நாள் அவர்களே அழைத்தார்கள். ஐப்பசித் தவணை கணக்கில் ஏறியது, தாமதக் கட்டணம் நீங்கியது.

5 வீதக் கட்டணமும் வட்டிக் கணக்கும் மாறவில்லை. ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், இங்கிலிஷில் அது இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி ஆவணங்களைத் தமிழில் தரச்சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இருந்தது. கையெழுத்து வைக்கமுன் கேட்டிருக்க வேண்டும். அன்று அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

கட்டணம் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் பிள்ளையோடு இருந்து கணக்குப் பார்த்தோம். மிச்ச 24 தவணையும் கட்டினால் 410,664. இப்போதே முடித்தால் அந்த மூன்று கிழமை வட்டியோடு 325,000 சொச்சம். 85,000 மிச்சம். சீட்டுக்காசை முழுக்கப் போட்டு, குறைந்ததற்கு இரண்டு காப்பைத் திரும்ப வங்கியில் 75,000க்கு அடகு வைத்து முடித்தோம். காப்பு திரும்ப அடகுக்குப் போனது எனக்குக் கவலைதான். ஆனால் அதன் வட்டி நிற்கிற முதலுக்கு மட்டும், கையில் காசு வரும்போது ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டி முதலைக் குறைக்கலாம். தவணைக்குப் போன 17,111இல் 15,000ஐ மாதாமாதம் அடகுக்குக் கட்டத் தொடங்கினோம். சீட்டுக்கும் அப்போது இன்னும் ஐந்து மாதம் கட்ட இருந்தது, அதையும் கொப்பியில் எழுதி வைத்தோம்.

உங்களில் யாரிடமாவது இப்படி ஒருவர் வந்தால், வீதத்தைக் கேட்காதேங்கோ. "மாசம் எவ்வளவு, எத்தனை மாசம், எல்லாம் கூட்டி எவ்வளவு கட்டுவன், என்ர கையில எவ்வளவு வரும், ஒரு வருசத்தில முடிச்சா எவ்வளவு கட்டவேணும்" என்று கேட்டு, அவரின் கையாலேயே எழுதி வாங்குங்கோ. எழுதமாட்டேன் என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகட்டும். இருக்கிற கடன்களில் எது எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கோ. வட்டியில்லாத கைமாத்தை வட்டிக் கடன் எடுத்து அடைக்காதேங்கோ. பெரியம்மாவிடம் போய் "இன்னும் ஆறு மாசம் பொறுங்கோ" என்று சொல்லியிருந்தால் அவ பொறுத்திருப்பா. கேட்க வெட்கப்பட்டேன்.

முடித்த பிறகும் வேலை இருக்கிறது. கடன் முடிந்த கடிதம், பிணைக்காரர் இரண்டு பேரையும் விடுவித்த கடிதம் இரண்டையும் கையோடு வாங்குங்கோ. கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் கடன் முடிந்ததாகப் பதிந்திருக்கிறதா என்று பிறகு ஒருமுறை எடுத்துப் பாருங்கோ. கையெழுத்து வைத்த வெற்றுச் செக்கைக் கேட்டு வாங்குங்கோ. என் செக்கைத் "தேடுறம்" என்று இரண்டு தரம் அலைக்கழித்து, மூன்றாம் தரம் இவரின் தம்பியும் கூட வந்து நின்ற பிறகுதான் தந்தார்கள். கவுண்டரிலேயே நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.