11 வருடம், வேளைக்கு 2 வீட்டாபிக்ஸ்

லண்டன் வந்த புதிதில், காலையில் தோசை ஊற்றிக்கொண்டு நின்றால் ரயில் போய்விடும். அப்போது தொற்றிய பழக்கம்தான் வீட்டாபிக்ஸ், பாலில் ஊறவைத்துச் சாப்பிடும் கோதுமை பிஸ்கட். 11 வருடம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வரட்டியைச் சின்னதாத் தட்டி வச்ச மாதிரி இருக்கு?" என்றார். உருவத்தில் அப்படித்தான்.

வெறும் வாயில் கடித்தால் தொண்டை அடைக்கும். முழுக் கோதுமையை வேகவைத்து, நசுக்கிச் செதிலாக்கி, அந்தச் செதில்களை அச்சில் அழுத்திச் சுட்டு எடுக்கிறார்கள். அழுத்தம்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதனால் பால் பட்டதும் நெகிழ்ந்துவிடும். ஃபிரிட்ஜ் பால் என்றால் கொஞ்சம் தாங்கும். கொதிக்கும் பால் என்றால் ஸ்பூன் எடுத்து வருவதற்குள் கூழ். நான் கூழ் கட்சி. மனைவி எதிர்க்கட்சி: கிண்ணத்தின் ஓரமாகப் பாலை விட்டு, மேல்பாதி மொறுமொறுவென்று இருக்கும்போதே முடித்துவிடுவாள்.

நூற்றுக்கு 95 பங்கு கோதுமை. மீதி பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு), கொஞ்சம் சர்க்கரை, உப்பு, இரும்புச்சத்து, பி வைட்டமின்கள். 2 பிஸ்கட் சேர்ந்தால் 37.5 கிராம்தான், அதில் நார்ச்சத்து 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மதியம் வரை தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு 11 மணிக்கே பசிக்கும், ஒரு வாழைப்பழம் சேர்த்தால்தான் சரிப்படும்.

இதை அசல் இங்கிலாந்துச் சரக்கு என்றே நினைத்திருந்தேன். மெல்போர்னில் சித்தி வீட்டு அலமாரியில் 'வீட்-பிக்ஸ்' என்று ஒரு டப்பா. "போலி வாங்கி ஏமாந்துட்டீங்க சித்தி" என்று சிரித்தேன். அப்புறம் தேடிப் படித்தால், அதுதான் மூத்தது! 1920களில் ஆஸ்திரேலியாவில் பென்னிசன் ஆஸ்போர்ன் என்பவர் உருவாக்கியது. 1928இல் அது சானிடேரியம் என்ற உணவு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆஸ்போர்னும் கூட்டாளி மால்கம் மக்ஃபார்லேனும் தென்னாப்பிரிக்கா போய், அங்கிருந்து இங்கிலாந்து வந்து, 1932இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் பர்ட்டன் லாட்டிமரில் ஒரு பழைய மாவு மில்லில் வேலையைத் தொடங்கினார்கள். 1936இல் கம்பெனியின் பெயரே வீட்டாபிக்ஸ் ஆனது. இன்றும் அதே ஊர்தான்.

பங்காளிச் சண்டையும் உண்டு. 2017இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிரிட்டிஷ் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு வந்த வீட்டாபிக்ஸ் பெட்டிகளைச் சுங்கத்தில் நிறுத்திவைத்தார்கள். பெயர் வீட்-பிக்ஸ் மாதிரி இருக்கிறதாம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

அதே வருடம் அமெரிக்க உணவு நிறுவனமான போஸ்ட் ஹோல்டிங்ஸ் வீட்டாபிக்ஸை 140 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதற்கு முன் 2012 முதல் பெரும்பங்கு சீனாவின் பிரைட் ஃபுட் நிறுவனத்தின் கையில் இருந்தது. போஸ்ட் என்ற பெயருக்குச் சொந்தக்காரரான சி. டபிள்யூ. போஸ்ட், அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரில் டாக்டர் கெல்லாக்கின் ஆரோக்கிய இல்லத்தில் நோயாளியாகக் கிடந்தவர். அந்த இல்லம் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையில் பிறந்தது. ஆஸ்திரேலிய சானிடேரியமும் அதே சபையுடையது. ஆக அண்ணன் வீட்-பிக்ஸ், தம்பி வீட்டாபிக்ஸ் இரண்டுக்குமே பேட்டில் கிரீக் வாடை உண்டு.

நடுவில் காசு மிச்சம் பிடிக்க ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சொந்தத் தயாரிப்பை இரண்டு மாதம் வாங்கினேன். பாதி பிஸ்கட் பெட்டியிலேயே தூளாகிக் கிடந்தது. தூளை வீணாக்காமல் கெட்டி மோரில் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு குடித்துப் பார்த்தேன். கம்மங்கூழ் இல்லைதான், மால்ட்டின் தித்திப்பு கடைசியில் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் வெயில் அடிக்கிற ஜூலை ஞாயிறுகளில் இப்போது அதுதான். அதற்கென்றே நல்ல பிஸ்கட்டை நொறுக்குகிறேன்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று மட்டும்: சாப்பிட்ட கையோடு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அப்படியே போட்டுவிட்டு ஆபீஸ் போய் சாயங்காலம் வந்த அன்று, தேங்காய் நாரும் தோற்று, தோசைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தேன்.