வகுப்புக்கு எது தேறும்: 2147483647-ஆ, 4294967297-ஆ?

சுங்கை சிப்புட் பக்கம் டியூஷனில் பகா எண் பாடம் என்றால் 97, 101 என்று இரண்டைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு அது புளித்துப்போன சமாசாரம். பெரிதாக ஒன்றைக் கொடுக்கலாம் என்றால் என் பட்டியலில் மிஞ்சுபவை இந்த இரண்டும்தான். இரண்டுமே பத்து இலக்கம், பள்ளிக் கால்குலேட்டர் திரையில் அடங்கும். இரண்டின் குட்டையும் உடைத்தவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர்.

2147483647 என்பது 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைவாக வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர், அவற்றில் இது எட்டாவது. பகா எண்தான் என்று ஆய்லர் 1772இல் அறிவித்தார். 2-இன் 30ஆம் அடுக்கால் இதைப் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். அதாவது, தன்னைத் தவிர்த்த எல்லாக் காரணிகளையும் கூட்டினால் திரும்ப அதே எண். ஆனால் பிள்ளைகள் காது கொடுப்பது கணினிக் கதைக்குத்தான்: 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கடிகாரங்கள் இந்த எண்ணோடு நிரம்பிவிடும். மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11:14:07.

சரி, பகா எண் என்று காட்டுவது எப்படி? 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 62-இன் மடங்கோடு ஒன்று கூடியவை மட்டும் போதும் என்ற குறுக்குவழி உண்டு, அப்போதும் விரல்தான் தேயும். கடைசியில் "ஆய்லர் சொல்லிவிட்டார், நம்புங்கள்" என்றுதான் முடிக்க முடியும்.

4294967297 அப்படியல்ல. இது 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்று. 3, 5, 17, 257, 65537 என்று கணிதர் ஃபெர்மாவின் வரிசையில் (2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்று) வந்த ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். 1732இல் ஆய்லர் அதைத் தகர்த்தார். இதற்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்க வேண்டும். அந்த வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். வகுப்பில் இதைத் தட்டவிட்டுப் பாருங்கள். 193 போட்டால் 22253716.56. 257 போட்டால் 16711935.01, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை! மீதி வெறும் 2. அப்புறம் 641: புள்ளியே இல்லாமல் 6700417.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொரு தீனியும் இதில் உண்டு. இந்த எண் 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டல். 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். ஒரு பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது. ஆகவே 641 தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். 2147483647-ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, அதனால் அதை ஒரு விதமாகக்கூட எழுத வழியில்லை.

என் ஓட்டு 4294967297-க்குத்தான். ஃபெர்மா வரிசையில் அடுத்ததையும் கேட்பார்கள், இழுத்துவிடாதீர்கள்: அது இருபது இலக்கம், அதன் சிறிய காரணியே 274177.