முழுக்கை பிளவுஸுக்கு 5 நடை

இந்தமுறை ஊரில் நான் அதிக நேரம் இருந்த இடம் கோணேசர் கோயிலும் இல்லை, நிலாவெளிக் கடற்கரையும் இல்லை. திருகோணமலை ரவுணில் ஒரு தையல் கடையின் பிளாஸ்டிக் கதிரை.

ரொறன்ரோவில் என்னோடு வேலை செய்யும் தோழிக்கு ஜனவரிக் கடைசியில் டெல்லியில் கல்யாணம். நமக்கு மார்கழி மாதிரி அவர்களுக்கும் டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை நல்ல காரியம் கிடையாது. அது கழிந்ததும் வரிசையாகக் கல்யாணங்கள், அதுவும் இரவில், பனிப்புகாருக்குள், திறந்த புல்வெளியில்.

குளிர் எனக்கென்ன புதிதா என்று நினைத்தேன். "உன் கனடாக் கோட்டு இங்கே உதவாது" என்றாள் தோழி. யோசித்தால் நியாயம்தான். ரொறன்ரோவில் வெளியே சைபருக்குக் கீழே 15 பாகை என்றாலும், மண்டபத்துக்குள் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு கையில்லாத பிளவுஸோடு ஆடலாம். டெல்லியில் ஜனவரி இரவு ஏழெட்டுப் பாகை என்றால், சாப்பாட்டு மேசையிலும் அதே ஏழெட்டுப் பாகைதான். கோட்டைப் போட்டால் சேலை தெரியாது, கழற்றினால் பல் கிட்டும். சூடு உடுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்ளே கழுத்து இறங்கிய தேர்மல் (குளிருக்குப் போடும் உள்ளாடை), மேலே லைனிங் வைத்த முழுக்கை வெல்வெற் பிளவுஸ், பாவாடைக்குள் கம்பளி லெகிங்ஸ், காஞ்சிபுரம், தோளில் ஒரு பஷ்மினா. எல்லாம் இருந்தது, பிளவுஸைத் தவிர.

சித்தி கூட்டிப்போனது, எனக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்த அதே கடைக்கு. அதே கால்மெசின், அதே சோக்கட்டி, தையல்கார அண்ணையின் கழுத்தில் அதே அளவுநாடா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் இரண்டாம் நடையோடு போய்விட்டது.

தேர்மலுக்கு மேல்தான் அளவு எடுக்க வேண்டுமென்று அந்த மழைப் புழுக்கத்திலும் அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "அளவு பிளவுஸ் கொண்டுவந்தனீங்கள்தானே தங்கச்சி, அது காணும்." காணாது என்று மூன்று தரம் சொன்னேன். டெல்லி குளிரும் என்றேன். "இந்தியாவிலயோ? நான் மெட்ராசில ரெண்டு வருசம் இருந்தனான், பங்கா இல்லாமல் படுக்கேலாது" என்று சிரித்தார்.

பொங்கலுக்கு முதல் தருவதாகச் சொன்னார். 12ஆம் திகதி போனால் துணி வெட்டவேயில்லை. "பொங்கல் கழியட்டும்." கழிந்த பிறகு போனால் கடை பூட்டு. ரவுணுக்குள் திரியும் மான்களில் ஒன்று மட்டும் வாசலில் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது. ரொறன்ரோவில் துணியைக் கொடுத்தால் துண்டில் திகதி போட்டுத் தருவார்கள், பிந்தினால் செய்தி வரும். இங்கே மானைத்தான் கேட்க வேண்டும்.

நாலாம் நடையில் பிளவுஸ் தயார். கை முழங்கையோடு நிற்கிறது.

"முழுக்கை எண்டால் வேர்க்கும் பிள்ளை, நான்தான் குறைச்சு விட்டனான்" என்றார், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. தேர்மலுக்கு மேல் போட்டுப் பார்த்தால் கொக்கியும் பூட்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தேர்மலே தேவைப்பட்டிராது. டெல்லிக்குப் போக இன்னும் மூன்று நாள்.

மறுநாள் விடியவே போய் இருந்துவிட்டேன். அண்ணை பேசாமல் பிளவுஸை உள்பக்கம் புரட்டிக் காட்டினார். இரண்டு பக்கத்திலும் ஒன்றரை அங்குலம் துணி விட்டு மடித்திருந்தது. வளரும் பிள்ளைகள் என்று எங்கள் வெள்ளைச் சட்டைகளுக்கும் அப்படித்தான் விடுவார், ஒவ்வொரு தவணையும் அம்மா பிரித்துப் பெருப்பிப்பார். அரை மணித்தியாலத்தில் தையலைப் பிரித்து அகட்டினார். மிச்ச வெல்வெற்றை முழங்கையில் பொருத்திக் கையை நீட்டி, பொருத்து தெரியாமல் பொன் லேஸ் வைத்தார். கரண்ட் போனதும் அவருக்குத் தெரியவில்லை, கால் மிதித்துக்கொண்டே இருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முடித்த பிளவுஸை இப்படிப் பிரித்துத் தைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். மேலதிகக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.

டெல்லியில் மேசைகளுக்கு நடுவே கரி அடுப்பு வைத்திருந்தார்கள். பிளவுஸ் நன்றாகவே தாங்கியது. காலுறையை மறந்ததால் பாதம் மட்டும் விறைத்தது. வலக்கை லேஸ் இடக்கை லேஸைவிட இரண்டு விரல் கீழே இருப்பதை ஹோட்டல் கண்ணாடியில்தான் கண்டேன். எல்லாப் படத்திலும் பஷ்மினா என் வலக்கையில் கிடப்பது அதனால்தான்.