சுழலும் வைஸா, சுழலாத வைஸா?

பழைய ரோட்டரி வைஸ் ஒன்று கைமாறி என் மேசைக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு சாதாரண, சுழலாத வைஸ் இருந்தது. ஃப்ளை, அதாவது மீன்பிடிக்கும் போலிப் பூச்சி, கட்டுகிறவர்களுக்கு இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடித்துக்கொள்வது. அந்த முள்ளின்மேல் நூல், இறகு, முடி, கம்பி என்று சுற்றி, மீன் ஏமாறும்படி ஒரு பூச்சியை உண்டாக்குவது நம் வேலை. வந்தது இருந்ததை ஓரங்கட்டிவிடும் என்று நினைத்தேன். இன்றைக்கும் இரண்டும் மேசையில்தான் இருக்கின்றன.

சுழலாத வைஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே அதன் பெருமை. தாம்சன் ஏ மாடலையும் அதை ஒட்டி வந்தவற்றையும் எடுத்துக்கொண்டால், பின்னால் இருக்கும் நெம்புகோலை அழுத்தியதும் கேம் (மையம் விலகிய உருளை) திரும்பும், தாடைகள் குழலுக்குள் இழுபட்டு இறுகும். ரீகல் என்ற வைஸ் வேறு வழியில் போகிறது. கைப்பிடியை அமுக்கினால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங் விசையில் தானே கவ்வும். 8-ம் எண் முள்ளை எடுத்துவிட்டு 18-ஐ வைக்க ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். (இங்கே எண் கூடக் கூட முள் சிறிதாகும். தலைகீழ்க் கணக்கு, பழகிவிடும்.) முள்ளை வை, கட்டு, எடு. அவ்வளவுதான்.

ரோட்டரி என்ற பெயரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் தாடை சாய்வாக இருக்கும். அதைத் திருப்பினால் முள் வட்டமடித்துக்கொண்டு மறுபக்கத்தைக் காட்டும். பார்ப்பதற்கு மட்டும்தான் அது உதவும். உண்மையான ரோட்டரியில் தாடைக்குப் பின்னால் இருக்கும் கை வளைந்து இறங்கி ஏறும். முள்ளின் தண்டு (அதன் நேரான பகுதி) சரியாகச் சுழல் அச்சின்மேல் வந்து உட்காருவதற்கான ஏற்பாடு அது. ரென்செட்டி வைஸ்களில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் தண்டு இருந்த இடத்திலேயே உருளும். பொருளை நாம் கையில் பிடித்துக்கொண்டால் போதும், தண்டே அதை வாங்கிச் சுற்றிக்கொள்ளும்.

அந்த அச்சில் தண்டை உட்கார வைப்பதில்தான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. முள்ளின் காது (தூண்டில் நரம்பைக் கட்டும் வளையம்) ஒரே புள்ளியில் நின்றால் மையம் சரி என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். சுற்றிப் பார்த்தால் காது வட்டம் போடுகிறது. தாடையை ஏற்றினேன், இறக்கினேன், சாய்த்தேன். வட்டம் நிற்கவே இல்லை. பழைய சாமான், அச்சு வளைந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே நிஜமாகவே ஒரு கோணல் இருந்தது, கூடத்தில் இல்லை, முள்ளில். நான் வைத்திருந்தது காது கீழ்நோக்கி வளைந்த முள். அந்தக் காது அச்சில் நிற்கவே நிற்காது. பார்க்க வேண்டியது காதை அல்ல, தண்டை. தண்டுக்குப் பக்கத்தில் ஊசி முனை ஒன்றை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் நூல் விவகாரம். சுழலாத வைஸில் பாபின் (நூல்கண்டைத் தாங்கும் கருவி) சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ரோட்டரியில் அதைத் தொங்கவிட்டுச் சுற்றினால் பொருளோடு சேர்ந்து நூலும் தண்டில் ஏறிவிடும். அதற்குத்தான் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாபின் தாங்கி. நூலைக் காதருகே கொண்டுவந்து, ஒரு சுருக்குப் போட்டு, பாபினைத் தாங்கியில் சாய்த்துவிட வேண்டும். நூல் அச்சின் நேர்க்கோட்டிலேயே நீளும். தண்டு எத்தனை முறை சுழன்றாலும் அது சுற்றிக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு மாறும். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு பாபினைத் தொங்கவிட்டால் தானாகவே சுழன்று முறுக்கைக் கழித்துக்கொள்ளும்.

திசையும் முக்கியம். வலக்கைக்காரர் கையால் கட்டும்போது நூல் தண்டின் மேலாக நம்மை விட்டு விலகிப் போகும். ரோட்டரியில் அதே சுற்று வேண்டுமென்றால் தண்டின் மேல்பக்கம் நம்மை நோக்கி வரும்படி சுழற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் எதிர்ச்சுற்று. முதலில் மண்டை காய்ந்தது. ஆனால் கம்பி சுற்றும்போது இதுவே வரமாகிவிடுகிறது.

ஊலி பக்கர் என்ற ஃப்ளையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வாலுக்கு மராபு இறகு, உடலுக்கு செனில் என்ற பஞ்சுபோன்ற கயிறு, அதன்மேல் சுருளாக ஓடும் ஹேக்கிள் என்ற சேவல் இறகு, அதைப் பூட்ட மெல்லிய கம்பி. சுழலாத வைஸில் செனிலைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் கை மாற்ற வேண்டும். மாற்றும் நொடியில் இழுவை தளரும், உடலில் மேடும் பள்ளமும் விழும். ரோட்டரியில் இழுவை மாறுவதே இல்லை. ஒரு கை சுற்ற, இன்னொரு கை செனிலைக் காது நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் உடல் கடைந்தெடுத்த மாதிரி வரும். ஹேக்கிள் இடைவெளியும் கண்ணளவில் சமமாக விழுகிறது. பிறகு கம்பி: சுழற்சியைத் திருப்பிவிட்டால் அது ஹேக்கிள் இறகின் நடுத்தண்டைக் குறுக்காகக் கடந்து கட்டிப்போடும். மீனின் பல்லில் ஹேக்கிள் அறுந்தாலும் பிரிந்து ஓடாது. சுற்றி முடித்ததும் தலைகீழாகத் திருப்பி அடிவயிற்றையும் பார்த்துவிடலாம். கீழேயிருந்து வரும் மீன் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தானே!

இதே ரோட்டரியில் 18-ம் எண் முள்ளில் சின்ன டிரை ஃப்ளை (நீரின்மேல் மிதக்கும் ரகம்) கட்டிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். மொத்தமே நாலைந்து சுற்று. அதற்காகத் தாடை மையத்தை மாற்று, சுருக்குப் போடு, பாபினைத் தாங்கியில் வை, திரும்ப எடு. அந்த நேரத்தில் சாதாரண வைஸில் பாதி கட்டி முடித்திருப்பேன். ரோட்டரி என்றால் வேகம் என்று சொல்கிறவர்கள் ஒரே அளவில் ஒரு டஜன் கட்டுகிறவர்களாக இருக்க வேண்டும். அளவை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு அந்த வேகம் கிடைக்காது.

வேகம்தான் வேண்டும் என்றால் நார்வைஸ் என்ற ரோட்டரி பக்கம் போகலாம். அது வேறு ஜாதி. தண்டவாளம் மாதிரி நேரான அச்சு, ஒரு தட்டு தட்டினால் பம்பரம் போலத் தானே சுழலும். கூட வரும் பாபினும் நூலைத் தானே இழுத்துக்கொள்ளும். நூலை அச்சின் நேர்க்கோட்டில் பிடித்து உடலுக்குச் சுற்றும் டப்பிங் முடியைத் தொட்டுச் சுழலவிட்டால் நூலும் முடியும் சேர்ந்து கயிறாகும். அழகுதான். ஆனால் அதற்காகக் கை பழக்கத்தை எல்லாம் முதலிலிருந்து மாற்ற வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

புதிய ரோட்டரிக்கும் பழைய ரோட்டரிக்கும் என்ன வித்தியாசம் என்றால், பெரும்பாலும் சுழற்சியின் மென்மையும் மையம் பிடிக்கும் சுலபமும்தான். பழையதில் எண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்கும். என்னுடையது கால் சுற்றில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் விடுதலை. ரொம்பவும் விடுதலையாகிவிட்டால் தாடை தன் எடையிலேயே கீழே தொங்கிவிடும். இறுக்கத் திருகைக் கொஞ்சம் முடுக்கி, விட்ட இடத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும்.

எண்ணெய் போட்டால் சரியாகாதது தாடை. வருடக்கணக்கில் பெரிய முள்ளை நுனியில் வைத்து இறுக்கியிருந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். சின்ன முள் அதில் நிற்காது. பெரிய முள்ளைத் தாடையின் உட்பக்கத்திலும் சின்னதை நுனியிலும் வைப்பதே முறை. பழையதை வாங்குவதற்கு முன் ஒரு பெரிய முள்ளையும் ஒரு சின்ன முள்ளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் கவ்வ வைத்து, காதை விரலால் கீழே அழுத்திவிடுங்கள். முள் வளைந்து நிமிர வேண்டும். தாடைக்குள் திரும்பினால் பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம்.